பக்கத்தில் நின்றவன்

அத்தியாயம் 11

"இன்னைக்கு உங்க அண்ணன் வருவானா?"

கலீஃபா கேட்டது தேநீர்க் கோப்பையைப் பார்த்து. மனைவியைப் பார்த்து அல்ல.

ராவியா தலைத்துணியில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். "அம்மாவைக் கூட்டிட்டு வரணுமே. வேற யாரு இருக்கா?"

"அப்போ நான் வரல."

"உஸ்தாத் சிதோம் உங்களைத்தான் நம்பியிருக்கார். கண் முகாம் வாசல்ல நின்னு பேர் கூப்பிடணுமாம். உங்க தொண்டை ஊருக்கே தெரிஞ்ச தொண்டையாச்சே."

"தொண்டை இருக்கு. அவன் மூஞ்சியைப் பார்த்தா அடைச்சுக்கும்." வலது கையை ஜிலாபியா அங்கியின் பைக்குள் நுழைத்துக்கொண்டான். "போ. உனக்கு நேரமாகுது. ஊரு கண்ணையெல்லாம் திறந்து வை."

எட்டு மாதமாக அந்த வீட்டில் பேச்சு இப்படித்தான் ஓடுகிறது. கிழக்கு மலையடிவாரத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியில், தண்டவாளத்தின் மேல் ஓடும் வட்ட ரம்பம் கலீஃபாவின் வலது கையில் நான்கு விரல்களை எடுத்துக்கொண்ட நாளிலிருந்து. அறுத்த கல்லைக் குனிந்து அடுக்கியவன் கலீஃபா. ரம்பத்தைத் தள்ளியவன் மஹ்ரூஸ், ராவியாவின் கூடப்பிறந்த அண்ணன்.

மாத்திரை போட்டிருந்தான் என்று ஊர் அன்றைக்கே முடிவுகட்டிவிட்டது. களைப்புத் தெரியாமலிருக்க வலி மாத்திரையை அள்ளி விழுங்குகிற ஆட்கள் குவாரியில் நிறைய உண்டு. மஹ்ரூஸ் நடக்கும் நடையும் அப்படித்தான் இருந்தது. நிலைக்கதவில் தோளை இடித்துக்கொள்வான். கால்வாய்க் கரையில் சறுக்குவான். பக்கத்தில் போகிறவர் சலாம் சொன்னால் காதில் விழாதவன் மாதிரி போவான். குவாரி முதலாளி அவனை ரம்பத்திலிருந்து விலக்கி, லாரிக்குக் கல் ஏற்றப் போட்டுவிட்டார். போன வாரம் அவன் மனைவி இஹ்சான், "போதையில கிடக்கிற மனுஷனோட இனிமே என்னால ஆகாது" என்று சொல்லிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ராவியாவும் அதை நம்பினாள். தாயின் கையைத் தொட்டுச் சத்தியம் பண்ணினான் அண்ணன், "நான் போடல" என்று. சத்தியத்தைவிட அவன் தள்ளாட்டம்தான் அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசலைத் தாண்டும்போது கலீஃபா மெதுவாகக் கேட்டான்.

"அத்தைக்குக் கண்ணு திறந்துடுமா?"

"வெள்ளைத் தண்ணிதானே, வெறும் கண்புரை. எடுத்துடலாம்."

"அவங்களுக்காவது நல்லது நடக்கட்டும்."

*

நஸ்லத் சாலிம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அன்று பாடம் இல்லை. நகரத்துக் கண் மருத்துவமனையின் வெள்ளை பஸ், வண்டிகளை ஏற்றிச் செல்லும் முதல் படகிலேயே நைல் நதியைக் கடந்து வந்து வாசலில் நின்றிருந்தது. வருஷத்துக்கு இரண்டு முறை வரும். மருத்துவமனை டாக்டரையும் கருவியையும் அனுப்பும். ஆட்களைத் திரட்டுவது ஊர்ச் சங்கத்தின் பொறுப்பு. பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் தேவாலயத்து ஞாயிறு பூசை முடிவிலும் ஒரே அறிவிப்பைப் படிப்பார்கள். அதற்கும் முன்பே வீடு வீடாகப் போய்க் கண்ணைப் பார்த்துப் பெயர் எழுதி வைப்பவள் ராவியா.

மூன்று வருஷம் முன்பு நகரத்தில் பதினொரு நாள் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். கையில் ஒரு டார்ச், E எழுத்துகள் அச்சடித்த ஓர் அட்டை, ஆறு மீட்டர் கயிறு. கயிற்றின் இந்த முனையில் ஆள், அந்த முனையில் அட்டை. E-யின் கால்கள் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று ஆள் கையால் காட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது போதும்.

"ராவியா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஊரில் ஒரு பேச்சு வந்திருந்தது. அதைச் சம்பாதிக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இமை மயிர் உள்பக்கம் திரும்பிக் குத்துகிற பெண்கள், வருஷக்கணக்காக இடுக்கியால் தாங்களே பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள், அவள் பேச்சைக் கேட்டு பஸ் ஏறினார்கள். அறுவை முடித்துத் திரும்பி வந்து கையைப் பிடித்து அழுதார்கள்.

முற்றத்தில் நூற்றுக்கு மேல் கூட்டம். சங்கத்துச் செயலாளர் உஸ்தாத் சிதோம், ஓய்வுபெற்ற வாத்தியார், கலீஃபா வராததால் தானே கத்திக் கத்திக் குரல் உடைந்துபோயிருந்தார்.

"உன் புருஷன் எங்கம்மா?"

"உடம்பு சரியில்ல, உஸ்தாத்."

"எட்டு மாசமா அதே உடம்புதான்" என்றார் அவர். 

ஒவைஸ் மாமா கயிற்றின் முனையில் நின்றுகொண்டு அட்டையைப் பார்க்காமலே கையை மேலே, கீழே, வலது, இடது என்று வரிசையாக வீசினார்.

"மாமா, அட்டையைப் பார்த்துக் காட்டுங்க."

"போன தடவ இப்படித்தான் இருந்துச்சு. நான் மறக்கல."

"அட்டையைத் திருப்பிப் பிடிச்சிருக்கேன் மாமா."

"ஏமாத்துறதுக்கா உன்னைப் படிக்க அனுப்புனாங்க?"

வரிசை சிரித்தது. ராவியாவும் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

*

மஹ்ரூஸ் தாயைக் கைப்பிடித்து அழைத்து வந்தான். தூரத்திலிருந்து பார்க்க அப்படித்தான் இருந்தது. கிட்டே வந்தபோது யார் யாரை அழைத்து வருகிறார்கள் என்று சொல்ல முடியவில்லை. நஃபீஸா கிழவி காலால் தரையைத் துழாவித் துழாவி முன்னே வந்தாள். மகன் அவள் தோளை ஒட்டி, கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு வந்தான். சுண்ணாம்புத் தூசி அவன் புருவத்தில் இன்னும் வெளுப்பாக ஒட்டியிருந்தது.

படியோரம் ஒரு நர்ஸ் தட்டில் சொட்டு மருந்துச் சீசாக்களை வைத்துக்கொண்டு நின்றாள். மஹ்ரூஸ் நேராக வந்து அவள் மேலேயே மோதினான். தட்டு பறந்தது. சீசாக்கள் சிமெண்டுத் தரையில் உருண்டன. அவன் பதறி ஒரு காலை வைத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கையை மிதித்தான்.

"ஐயோ, என் கை! கண்ணு தெரியல?"

"கண்ணெல்லாம் நல்லாத் தெரியும். காலையிலேயே போட்டாச்சு, அதான்" என்றது ஒரு குரல். நாலு பேர் சிரித்தார்கள்.

ராவியாவுக்கு முகம் பற்றி எரிந்தது. ஓடிப் போய் அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னைக்கு ஒரு நாளாவது அதை முழுங்காம வந்திருக்கக் கூடாதா அண்ணே? அம்மாவை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போற நாளு!"

 மஹ்ரூஸ் தங்கையின் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பி, அவள் முகத்தைத் தேடிப் பிடித்து, அதன்மேல் பார்வையை நிறுத்தினான். 

இருட்டறைக்காகக் கறுப்புத் துணி தொங்கவிட்ட வகுப்பறை வாசலில் டாக்டர் ஷாஹிநாஸ் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தொட்ட மனுஷி. அதிகம் பேசமாட்டாள்.

"ராவியா, அவர் யாரு?"

"என் அண்ணன், டாக்டரம்மா. மன்னிச்சிடுங்க. அவருக்கு உடம்பு..."

"அவரை உள்ள கூட்டிட்டு வா."

"அம்மாவைத்தான் டாக்டரம்மா பார்க்கணும்."

"அம்மாவையும் பார்க்கலாம். முதல்ல அவரு."

*

வகுப்பறையில் குளிர்ந்த இருட்டு. டாக்டர் மஹ்ரூஸை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கால் இடிக்கும் நெருக்கத்தில் எதிரே உட்கார்ந்தாள். ஜன்னல் துணியை ஒருபக்கம் விலக்கச் சொன்னாள்.

"இடது கண்ணைக் கையால மூடிக்குங்க. என் மூக்கையே பாருங்க. பார்வையை நகர்த்தக் கூடாது. ஓரத்துல என் விரல் ஆடறது தெரிஞ்சதும் சொல்லுங்க."

அவள் விரல் அவனுடைய காதோரத்திலிருந்து ஆடிக்கொண்டே முன்னால் வந்தது. கன்னத்தைத் தாண்டியது. புருவ முனைக்கு வந்தது. மஹ்ரூஸ் பேசாமலிருந்தான். மூக்குக்கு நேராக, ஒரு சாண் அகலத்துக்குள் விரல் வந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"இப்போ தெரியுது."

அண்ணன் விளையாடுகிறான் என்று ராவியா நினைத்தாள். மேலிருந்து, கீழிருந்து, மறு கண்ணில், டாக்டர் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அதே இடம்.

"ராவியா, நீ இங்க உட்காரு."

அவள் உட்கார்ந்தாள். டாக்டரின் விரல் காதுக்கு அருகே அசையத் தொடங்கிய உடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "தெரியுது" என்று சொல்லிவிட்டு அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

கருவியை வைத்துக் கண்ணின் அழுத்தம் பார்த்தாள் டாக்டர். உள்ளே ஒளியடித்து நெடுநேரம் குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

"நீலத் தண்ணி, கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறுற நோய். ரெண்டு கண்ணுலயும். நரம்பு ரொம்பப் போயிருச்சு."

"அது எப்படி?" ராவியா குறுக்கே பேசினாள். "அண்ணன் கடைசி வரி வரைக்கும் காட்டுவாரு டாக்டரம்மா. நானே பார்த்திருக்கேன்."

"இப்பவும் காட்டுவாரு. அட்டை நேரா இருக்கிறதை மட்டும்தான் கேக்கும். இந்த நோய் ஓரத்துலேர்ந்து தின்னுட்டு வரும். நடுவுல இருக்கிறது கடைசியாத்தான் போகும். ஒரு குழாய் வழியா உலகத்தைப் பார்க்கிற மாதிரி இருக்காரு." டாக்டர் அவள் பக்கம் திரும்பினாள். "நீ எப்போ பார்த்தே?"

ராவியா வாயைத் திறப்பதற்குள் மஹ்ரூஸ் பேசினான்.

"எப்பவோ, டாக்டரம்மா. ஞாபகம் இல்ல."

ஆனால் ராவியாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. வெயிலில் ரொட்டி மாவைப் புளிக்க வைத்திருந்த ஒரு நாள். அண்ணன் குவாரியிலிருந்து நேராக அவள் வீட்டுக்கு வந்து நின்றான். 'ரெண்டு பக்கமும் புகை சூழ்ந்த மாதிரி இருக்கு, பாரேன்' என்றான். மாவுக் கையைக் கழுவிவிட்டு, கயிற்றைப் பிடித்து, அட்டையைக் காட்டினாள். ஒன்று விடாமல் சரியாகக் காட்டினான். அவள் சிரித்துக்கொண்டே முதுகில் தட்டினாள். 'கழுகுக் கண்ணு உங்களுக்கு. புகையும் இல்ல, ஒண்ணும் இல்ல, குவாரித் தூசி. முகத்தைக் கழுவிட்டுப் போங்க.'

"ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள் ராவியா. "ஓரத்துல புகை மாதிரின்னு சொன்னாரு. நான் நல்லாருக்குன்னு எழுதுனேன்."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"அப்போ சொட்டு மருந்து ஆரம்பிச்சிருந்தா பெரும்பாலும் நின்னிருக்கும்" என்று உள்ளதைச் சொன்னாள். "இதைக் கண்டுபிடிக்க உனக்கு யாரும் சொல்லிக்குடுக்கல. பதினொரு நாள்ல அட்டையையும் டார்ச்சையும் குடுத்து அனுப்புனது நாங்கதான். அதுல எங்க பங்கு பெருசு. இப்போ இருக்கிறதைக் காப்பாத்தலாம். போனது போனதுதான். இன்னைக்கு பஸ்லயே இவரும் வரட்டும். அழுத்தத்தை இறக்கியாகணும்."

வெளியே நஃபீஸாவின் குரல் கேட்டது. "மஹ்ரூஸு எங்கடா போனான்? எனக்குப் பார்க்க வந்துட்டு அவன் உள்ள போய் உட்கார்ந்திருக்கான் பாரு!"

*

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் தண்ணீர்க் குழாய்களுக்கு அருகே அண்ணனும் தங்கையும் நின்றார்கள். ராவியா அழுதுகொண்டிருந்தாள். அது மஹ்ரூஸுக்கு நேர்ப் பார்வையில் விழுந்தது. மற்ற எதுவும் விழவில்லை.

"ஏன் அண்ணே சொல்லல? திரும்ப வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ நல்லாருக்குன்னு சொன்னே. ஊரே நம்புற ஆளு நீ. நான் நம்பக் கூடாதா?" அவன் குழாயைத் தடவிப் பிடித்துத் திறந்து முகத்தைக் கழுவினான். "தூசிதான்னு நினைச்சு நினைச்சுக் கழுவுனேன். அப்புறம் தெரிஞ்சுபோச்சு, இது தூசி இல்லன்னு. அதுக்குள்ள கலீஃபா கை போயிருச்சு."

"அன்னைக்கு..."

"அன்னைக்கு நான் வலது பக்கம் பார்த்தேன், ராவியா. அல்லாஹ் மேல ஆணையாச் சொல்றேன், பார்த்துட்டுத்தான் தள்ளுனேன். அங்க யாரும் இல்ல. என் கண்ணுக்கு யாரும் இல்ல. அவன் கத்துன அப்புறம்தான் அவன் அங்க இருந்தான்."

ராவியா சுவரில் சாய்ந்தாள்.

"ஊரெல்லாம் மாத்திரைன்னு சொன்னப்போ ஏன் வாயை மூடிட்டு இருந்தீங்க? இஹ்சான் அண்ணி போனப்போகூட!"

"மாத்திரைன்னா திட்டுவாங்க. திட்டட்டும். என்னிக்காவது விட்டுட்டேன்னு சொல்லி வேலை கேக்கலாம். கண்ணு தெரியலன்னா எவன் வேலை குடுப்பான்?" அவன் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே சகிக்கவில்லை. "ஒரு தடவ வாங்கிப் போட்டும் பார்த்தேன். எல்லாரும் சொல்றது உண்மையாவாவது இருக்கட்டுமேன்னு. வாந்திதான் வந்துச்சு."

"என்னால... எல்லாம் என்னாலதான்."

"சத்தமாப் பேசாதே." அவன் கை காற்றில் துழாவி அவள் தோளைக் கண்டுபிடித்தது. "கலீஃபாகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. அவன் மச்சான் போதையில அவன் கையை எடுக்கலன்னு. அது போதும். நீ பார்த்தது, அட்டை காட்டுனது, அதெல்லாம் நமக்குள்ளயே கிடக்கட்டும். என் வீடு போயிருச்சு. உன் வீடும் போகணுமா?"

*

உஸ்தாத் சிதோமும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். டாக்டர் அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருந்தாள். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே ராவியாவை ஓரம் கட்டினார்.

"புதுசாக் கண்டுபிடிச்சதுன்னு எழுதிடலாம்மா. பொய் இல்லையே? பழசைக் கிளறுனா எவன் அடுத்த தடவ வருவான்? இந்த முற்றத்துல பள்ளிவாசல் ஷேக்கும் பாதிரியாரும் ஒண்ணா நின்னு கூப்பிட எத்தனை வருஷம் ஆச்சுன்னு உனக்குத் தெரியும்."

"உஸ்தாத், அண்ணனைப் பார்த்த மாதிரிதான் எல்லாரையும் பார்த்தேன். நாப்பது வயசு தாண்டுனவங்க எத்தனை பேருக்கு நல்லாருக்குன்னு எழுதியிருக்கேன்? அதுல இன்னொரு மஹ்ரூஸ் இருந்தா?"

அவர் கையிலிருந்த பெயர்ப் பட்டியலைக் குனிந்து பார்த்தார். ராவியா நடந்துபோய் முற்றத்து நடுவில் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.  கலீஃபாவின் குரல் இருந்தால் ஒரு கூப்பாட்டில் கூட்டம் அடங்கியிருக்கும். அவள் மூன்று முறை கத்த வேண்டியிருந்தது.

"நாப்பது வயசுக்கு மேல இருக்கிறவங்க, அட்டையில பார்த்துட்டு உங்க கண்ணு நல்லாருக்குன்னு நான் யாருக்கெல்லாம் சொன்னேனோ, அவங்க எல்லாரும் திரும்பவும் டாக்டர்கிட்ட காட்டுங்க. வீட்டுல இருக்கிறவங்களையும் கூட்டிட்டு வாங்க. அட்டையில தெரியாத ஒரு நோய் இருக்கு. எனக்கு அது தெரியல. என் அண்ணனுக்கு நான் நல்லாருக்குன்னு சொன்னேன். அவருக்குப் பாதிக்கு மேல போயிருச்சு. அவர் மாத்திரை போடல. அவருக்குக் கண்ணு தெரியல."



முதலில் வாயைத் திறந்தவள் ஸினாத், காலையில் கை மிதிபட்டவள். "அப்போ மூணு வருஷமா எங்க கண்ணுல டார்ச் அடிச்சு நீ என்னத்தப் பார்த்தே?"

"அண்ணனைக் காப்பாத்தக் கதை கட்டுறா" என்றார் இன்னொருவர்.

"எம் பொண்டாட்டியை ஆபரேஷனுக்கு அனுப்பச் சொன்னதும் இவதானே! வேண்டாம்டியம்மா, வா வீட்டுக்கு!"

ஒரு குடும்பம் எழுந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. வாசலை நோக்கிச் செருப்புகள் சரசரத்தன. ராவியா பெஞ்சிலிருந்து இறங்கத் தெரியாமல் நின்றாள்.

உஸ்தாத் சிதோம் கையிலிருந்த பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். போய் இருட்டறை வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முதல்ல என் பேரை எழுது" என்றார் உடைந்த குரலில், எல்லோருக்கும் கேட்க. "எனக்கும் நல்லாருக்குன்னு சொன்னவ நீதானே."

அவருக்குப் பின்னால் ஒவைஸ் மாமா வந்தார். அப்புறம் ஒன்றிரண்டு பேராகப் பதினாலு பேர். அந்தப் பதினாலு பேரில் ஒருத்திக்கு, ஊர் அடுப்பில் ரொட்டி சுடுகிற ஒரு விதவைக்கு, அதே அழுத்தம் இருந்தது. ஆரம்ப நிலைதான், சொட்டு மருந்தில் நின்றுவிடும் என்றாள் டாக்டர். அந்தப் பெண் ராவியாவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். ராவியாவால் அந்த முத்தத்தைத் தாங்க முடியவில்லை. கையை இழுத்துக்கொண்டாள்.

*

பிற்பகலில் பஸ் கிளம்பியது. நஃபீஸாவுக்கு ஜன்னலோர இடம். பக்கத்தில் மஹ்ரூஸ். ராவியா பெஞ்சில் ஏறிச் சொன்னதெல்லாம் கிழவிக்குக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் உள்ளே அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை.

"கூடத் துணைக்கு வர்றான் எம் புள்ள" என்று பக்கத்து இருக்கைக்காரியிடம் பெருமையாகச் சொன்னாள். "கட்டு அவுத்ததும் முதல்ல இவன் மூஞ்சியைத்தான் பார்க்கணும். கத்தின்னு பயந்து பயந்து நாலு வருஷமாச்சு பார்த்து. வெளுத்திருக்கானா, கறுத்திருக்கானா, ஒண்ணும் தெரியல எனக்கு."

மஹ்ரூஸ் தங்கை இருந்த திசையில் கையை அசைத்தான். அவள் அதற்குள் வேறு பக்கம் நகர்ந்திருந்தாள்.

*

வீட்டில் கலீஃபா கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தெருவில் போனவர்கள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவன் முகம் அப்படித்தான் இருந்தது. ஆனால் பாதிதான் தெரிந்திருந்தது.

"மஹ்ரூஸுக்குக் கண்ணு தெரியலையாமே?"

"நேரா மட்டும் தெரியும். பக்கத்துல ஒண்ணும் தெரியாது. ரொம்ப நாளாவே."

"அன்னைக்குமா?"

"அன்னைக்கும். நீங்க நின்ன பக்கத்தை அவர் பார்த்தாரு. ஆனா நீங்க தெரியல. மாத்திரை போடல. ஒருநாளும் பழக்கம் இல்ல."

 வெளியே ஒரு டுக்டுக் ஆட்டோ பாட்டுச் சத்தத்தோடு போனது. சத்தம் தேய்ந்து மறைந்தது.

"எட்டு மாசம்" என்றான் கலீஃபா. "காலையில கண்ணு முழிச்சதும் முதல்ல அவனைத்தான் நினைப்பேன். அந்த ஆத்திரத்துலதான் எந்திரிச்சு உட்காருவேன். அது இல்லன்னா எந்திரிக்கவே மாட்டேன்னு தோணும். இப்போ நான் யாரைத் திட்டுறது, ராவியா? சொல்லு."

அவள் அருகே உட்கார்ந்தாள். அவன் விலகவில்லை. பைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்து மடியில் வைத்தான். எட்டு மாதத்தில் அவள் எதிரே அவன் அப்படி வைத்தது அதுதான் முதல் தடவை. மிஞ்சியிருந்தது கட்டைவிரல் மட்டும்.

"பாவம்டி அவன்" என்றான். "யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஓரத்துல தெரியலன்னு. நம்ம வீட்டுலயே நீ ஒருத்தி இருக்கே."

அண்ணன் சொன்னது ராவியாவின் காதில் ஒலித்தது. 'நமக்குள்ளயே கிடக்கட்டும்.' இந்த ஒரு இடத்தில் பேசாமலிருந்துவிட்டால் போதும். நாளைக்குத் தெருவில் யாராவது சொல்வார்கள்; அப்போது பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு மட்டும் அவன் கை அவள் பக்கத்தில் இப்படியே கிடக்கும்.

"சொன்னாரு" என்றாள்.

"யார்கிட்ட?"

"என்கிட்ட. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. நான் அட்டையைக் காட்டுனேன். எல்லாம் சரியாக் காட்டுனாரு. ஒண்ணும் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

கலீஃபா அவளைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். பிறகு மறுபடியும் அவளை.

"சிரிச்சியா?" என்று கேட்டான்.

"என்ன?"

"அனுப்புறப்போ. நீ யாரையும் சிரிச்சுட்டுத்தானே அனுப்புவே."

அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

அவன் எழுந்தான். செருப்பைத் தேடிக் காலில் மாட்டினான். அவள் கூடவே எழுந்து ஓரடி வைத்தாள். இடது கையை உயர்த்தி, தொடாமல், அவளை நிற்கச் சொன்னான்.

"எங்க போறீங்க?"

அவன் வெளியே போய்விட்டான். கதவு திறந்தபடியே ஆடிக்கொண்டிருந்தது. ராவியா வாசலுக்கு ஓடி வந்து பார்த்தாள். வழக்கமாக அவன் போவது தேநீர்க்கடைப் பக்கம், இடது புறம். கலீஃபா வலது புறம் திரும்பியிருந்தான். வேகமாக, கிட்டத்தட்ட ஓட்டமாக, கரும்பு வயல் வழியாக ஆற்றுத்துறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

படகுத்துறையில் வண்டிகள் வரிசையாகக் காத்து நிற்கும் நேரம் அது. வெயில் இன்னும் இறங்கவில்லை. மஹ்ரூஸ் ஏறிய வெள்ளை பஸ்ஸின் கூரை பேரீச்சந்தோப்புக்கு நடுவே இந்தக் கரையிலேயே பளபளத்தது.

படகு இன்னும் புறப்படவில்லை.